நான் துடைத்த கறுப்புக் கண்ணாடி

என் தங்கை என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், நான் ஒரு முறைகூடச் சுருக்கமாகப் பதில் சொன்னதில்லை. "ராணுவத்துல இருட்டுல பார்க்குறதுக்குன்னு ஒரு கருவி இருக்கு பாருங்க, அதுல ரொம்பப் பழசு, நம்ம அப்பா காலத்துது, செத்துப்போய்க் கிடக்கும். அதை என்ன ஏதுன்னு கண்டுபிடிச்சு, பிரிச்சு, சுத்தம் பண்ணி, திரும்பப் பார்க்க வைக்குறா" என்று ஆரம்பிப்பேன். சலவைக்குப் போட்ட சட்டையை வாங்க வந்தவர் சட்டையோடு தெருவில் இறங்கிய பிறகும் என் விளக்கம் அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும்.

"ரிப்பேர் பண்றான்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போனா என்ன? வாய் வலிக்கலையா உங்களுக்கு?" என்பாள் என் மனைவி.

வலிக்கவில்லை. தங்கையைப் பற்றிப் பேசும்போது எனக்கு எதுவும் வலிப்பதில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. நான் சலவைக் கடை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்புவரை படித்தேன். எட்டாம் வகுப்பை மட்டும் இரண்டு வருடம் படித்ததால் அந்த வகுப்பில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. என் தனித்திறமை கறை எடுப்பது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு தட்டு நிறையப் புட்டிகள், உயர வரிசைப்படி, பெயர்ச்சீட்டு முன்பக்கம் பார்க்கும்படி நிற்கும். மைக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று, பெயின்டுக்கு ஒன்று. யாராவது ஒரு புட்டியைத் திருப்பி வைத்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. பேருந்தில் போனாலும் முன்சீட்டுக்காரரின் காலரைப் பார்த்து, இதற்கு எந்தப் புட்டி என்று மனதுக்குள் எடுத்து வைத்துவிடுவேன். கறையைக் கண்டால் கை சும்மா இராது. இது பெருமையா வியாதியா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

தங்கை வேறு மாதிரி. சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பொருளின் வெளிப்புறத்தில் அக்கறை கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு டிவி ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் காலத்து டிவியின் பருத்த கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரம் எப்படிப் படமாகிறது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டாள். தட்டை டிவி வந்ததும் அந்தக் கடை மூடப்பட்டது. பிறகு ஒரு நாள், பழைய சாமான்கள் சேர்க்கிற பல் டாக்டர் ஒருவர், ஏலத்தில் எடுத்த நீளமான இரும்புக் குழல் ஒன்றை என் கடைக்குக் கொண்டுவந்தார். அதன்மேல் பிடித்திருந்த பசையை நான் எடுத்துத் தர வேண்டுமாம். நான் பசையை எடுப்பதற்குள் தங்கை அதைப் பிரித்துவிட்டாள்.

"அண்ணா, இது ஒரு குட்டி டிவி மாதிரிதான். இந்தப் பக்கம் கொஞ்சூண்டு வெளிச்சம் விழுது, அந்தப் பக்கம் அதையே பெருசாக்கிப் பச்சையாப் படம் காட்டுது. அவ்வளவுதான்."

அவளுக்கு அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கு முழுக்கத் தலை சுற்றியது. அந்தக் குழல் வேலை செய்தது. பல் டாக்டர் தன் நண்பர்களிடம் சொன்னார், அவர்கள் தங்கள் பெட்டிகளைத் திறந்தார்கள். இப்படித்தான் அவள் தொழில் ஆரம்பித்தது.

கடையின் பின்னறையை அவளுக்குக் கொடுத்தேன். ஜன்னல் இல்லாத அறை, பட்டப்பகலிலும் கும்மிருட்டு, இதைவிட அவளுக்கு என்ன வேண்டும் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன். இந்தக் கருவிகளின் கண்ணாடிக்கு ஈரம் ஆகவே ஆகாது, உள்ளே பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படர்ந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் கொடுத்த அறையோ நீராவிப் பெட்டி நாள் முழுவதும் மூச்சுவிடுகிற சுவருக்கு அடுத்த பக்கம். அவள் பிளாஸ்டிக் திரை தொங்கவிட்டு, ஈரம் உறிஞ்சும் பொடியை மூட்டை மூட்டையாக வைத்து, அந்தச் சுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட என்னிடம் குறை சொல்லவில்லை.

அதனால்தான் ராணுவக் காட்சியகத்திலிருந்து கூப்பிட்டபோது அவள் அப்படித் துடித்தாள். ஊர் எல்லையில், முன்பு படைவீரர் குடியிருப்பாக இருந்த கட்டடத்தில் அந்தக் காட்சியகம் இருக்கிறது. அதன் பொறுப்பாளர் அம்மாள், ஒரு அறை நிறைய இன்னதென்று தெரியாத கருவிகள் கிடக்கின்றன, அவற்றை அடையாளம் கண்டு சரிசெய்ய ஆள் வேண்டும் என்றார். அங்கேயே உட்கார்ந்து வேலை செய்யலாம், ஈரமில்லாத அறை, குளிர்சாதனம், நல்ல மேசை. ஆனால் நிர்வாகக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முதலில் ஒரே ஒரு கருவியைச் சரிசெய்து காட்ட வேண்டும்.

"எனக்கு அந்த ரூம் வேணும் அண்ணா" என்றாள். எதையும் வேண்டும் என்று அவள் கேட்டு நான் கேட்டதில்லை.

கருவி ஒரு மரப்பெட்டியில் வந்தது. கழுத்தில் சீட்டு: "இரவு நோக்கி. வகை தெரியவில்லை. வேலை செய்யவில்லை." பெயர்த்தகட்டை எவரோ பெயர்த்து எடுத்திருந்தார்கள், நான்கு ஆணித் துளைகள் மட்டும் மிச்சம். அவள் மேல் பெயின்டைக் கொஞ்சமாகச் சுரண்டி, அடியில் வேறு நிறம் இருக்கிறதா என்று பார்த்தாள். திருகாணியின் மரையை அளந்தாள். நட்சத்திர வெளிச்சத்தையே பெருக்கிக் காட்டுகிற வகை என்று முடிவு கட்டினாள். பூஞ்சையை எடுத்தாள், தொட்டால் உதிர்ந்த ஒயர்களை மாற்றினாள், இப்போது எங்கும் கிடைக்காத ஒரு பேட்டரிக்குப் பதிலாகத் தானே ஒன்றைக் கட்டினாள். எல்லாம் முடிந்து விசையைத் தட்டியதும் கொசு ரீங்கரிப்பதுபோல் மெல்லிய சத்தம் வந்தது. உள்ளே பச்சையாக ஒளி தெரிந்தது. ஆனால் படம் இல்லை. வெறும் பச்சைப் புகை. கதவில் ஒரு கீற்று வெளிச்சம் விட்டுப் பார்த்தாலும் மங்கலாக ஏதோ அசைந்தது, அவ்வளவே.

"குழாய் போயிடுச்சு போல" என்றாள். அன்றைக்கு இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

என் மனைவி சாப்பிடக் கூப்பிட வந்தாள். மாடியில்தான் வீடு. அவள் கீழே வரும்போது டிவி ரிமோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு வருவாள், இல்லாவிட்டால் நான் சேனலை மாற்றிவிடுவேன் என்று பயம். இருட்டில் வழி தெரியாமல் எதையோ பிடிக்கப்போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

"அண்ணி! அசையாதீங்க!"

"ஐயோ, என்னடி, பாம்பா?"

"கையில என்ன?"

"ரிமோட்டு. உங்க அண்ணனுக்குக் கொடுக்க மாட்டேன்."

"கொடுக்க வேணாம். மறுபடி அமுக்குங்க. அமுக்கிக்கிட்டே இருங்க!"

கருவிக்குள் டார்ச் அடித்ததுபோல் வெளிச்சம் என்றாள். நானும் கண்ணை வைத்துப் பார்த்தேன். மனைவியின் கையில் ரிமோட்டின் நுனி பளிச் பளிச்சென்று மின்னியது. கருவியைவிட்டுக் கண்ணை எடுத்தால் இருட்டு. ரிமோட்டிலிருந்து மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் வருமாம், அதைத்தான் டிவி படித்துக்கொள்ளுமாம்.

"நான்தான் தப்பா முடிவு பண்ணிட்டேன்" என்றாள் தங்கை. முகமெல்லாம் சிரிப்பு. "இது இன்னும் பழைய வகை. நட்சத்திர வெளிச்சமெல்லாம் இதுக்குப் பத்தாது. தன்னோட வெளிச்சத்தைத் தானே தூக்கிட்டுப் போகும். இதுகூட ஒரு விளக்கு இருந்திருக்கணும்."

உடனே பொறுப்பாளர் அம்மாளுக்குப் போன் செய்தாள். அந்த அம்மாள் கெட்டிக்காரர், கிடங்கில் தேடி, வண்டி உதிரிப்பாகங்களுக்கு நடுவிலிருந்து விளக்கைக் கண்டுபிடித்துவிட்டார். மறுநாளே அனுப்பிவைப்பதாகச் சொன்னார்.

மறுநாள் விளக்கு வந்தபோது தங்கை கடையில் இல்லை. ஒயர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். காட்சியகத்து டிரைவர் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். சீட்டில் "விளக்கு. எரியவில்லை" என்று எழுதியிருந்தது.

தங்கை எனக்கு ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தாள்: கருவியைத் தொடக் கூடாது. உள்ளே பல ஆயிரம் வோல்ட் ஓடுமாம். நான் தொடவில்லை. விளக்கைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

அவள் வேலையைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் தெரியும் என்கிற நினைப்பு வேறு. விளக்கின் ஒயரைப் பேட்டரியில் சரியாகவே இணைத்தேன். எரியவில்லை. ஆனால் முகப்புக் கண்ணாடியைத் தொட்டபோது சுட்டது. சூடு இருக்கிறது, வெளிச்சம் இல்லை. அப்படியானால் பல்பு உள்ளே எரிகிறது, வெளிச்சத்தை ஏதோ மறைக்கிறது. கண்ணாடியைப் பார்த்தேன். கன்னங்கரேல் என்றிருந்தது. கறுப்பு என்றால் கரி. கரி என்றால் கறை. கறை என்றால் நான்.

என் வாழ்க்கையில் நான் இவ்வளவு தெளிவாக யோசித்ததே இல்லை. எட்டாம் வகுப்பு வாத்தியார் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் கண் கலங்கியிருப்பார்.

வெள்ளைத் துணி விரித்தேன். திருகாணிகளைக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே அடுக்கினேன். சோப்புத் தண்ணீருக்கு அந்தக் கறுப்பு அசையவில்லை. எண்ணெய்ப் புட்டிக்கும் அசையவில்லை. புத்தியுள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். எனக்கோ சவால் வந்துவிட்டது. பெயின்டு எடுக்கிற புட்டியைத் திறந்தேன். ஓரத்தில் கொஞ்சம் இளகியது. பிறகு தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது. அவசரப்படவில்லை, நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரு பஞ்சால் ஒரு இழுப்பு, பிறகு புதுப் பஞ்சு. ஒரு கீறல் விழவில்லை. திரும்பப் பூட்டி விசையைத் தட்டினேன். கடை முழுவதும் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. வாசலில் தங்கை வந்து நின்றபோது அவள் முகத்திலேயே அடித்துக் காட்டினேன்.

"பார்த்தியா? எரியவே எரியாதுன்னு எழுதியிருந்தாங்க. அண்ணன் சரி பண்ணிட்டேன்!"

அவள் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, "அண்ணா, அது முன்னாடி ஒரு கறுப்பு இருந்துச்சா?" என்றாள்.

"இருந்துச்சு. விட்டேனா நான்?"

அவள் கத்தவில்லை. துவைக்க வந்திருந்த போர்வைக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்தாள். நான் விளக்கை அணைத்தேன்.

"அந்தக் கறுப்புதான் அண்ணா விளக்கே. கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்தை உள்ளேயே நிறுத்திட்டு, தெரியாததை மட்டும் வெளியே விடும். அதனாலதான் எதிரிக்குத் தெரியாது. எரியலைன்னு எழுதி வச்சிருந்தாங்களே, அது நல்லா எரிஞ்சுட்டுதான் இருந்திருக்கு."

"இப்ப?"

"இப்ப இது ஒரு நல்ல டார்ச்சு."

மனைவி மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "இத்தனை வருஷமா ஒழுங்கா எரியாம இருந்ததை ஒரே மணி நேரத்துல கெடுத்துட்டீங்களே. என்ன கை உங்களுக்கு!" என்றாள்.

"வந்ததே இப்படித்தான்னு சொல்லிட்டா?" என்று நான் முனகினேன்.

தங்கை என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தப் புட்டியும் கிடையாது. போனை எடுத்து, பொறுப்பாளர் அம்மாளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர், வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது, தள்ளிப்போட முடியாது, என்ன காட்ட முடியுமோ அதைக் கொண்டு வா, மற்றதை அவர்கள் முடிவு செய்யட்டும் என்றார். அறை கிடைக்காது என்பதை மரியாதையாகச் சொன்னதுபோல்தான் எனக்குப் பட்டது.

இரண்டு நாள் அவள் அந்தக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். டம்ளரைத் துடைக்கக்கூட இல்லை, துடைக்கிற சத்தமே கேட்கக் கூடாது என்று. மூன்றாம் நாள் தெருமுனை போட்டோ ஸ்டுடியோவுக்கு ஓடினாள். கழுவிய பழைய கலர் பிலிம் சுருளின் நுனியில், வெளிச்சம் பட்டு முழுக்கக் கறுத்துப்போன துண்டு இருக்குமே, அதை ஸ்டுடியோக்காரர் பழைய பெட்டியிலிருந்து தேடிக் கொடுத்தார். கண்ணுக்குக் கறுப்பாக இருக்கிற அந்தப் பிலிம், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைத் தடுக்காதாம். அதை இரண்டு மடிப்பாக வெட்டிப் பொருத்தி, விளக்கின் முகப்பில் மாட்டிக் கழற்றும்படி ஒரு வளையம் செய்தாள். ஒரு கஷ்டம் இருந்தது. விளக்கின் சூட்டில் பிலிம் சுருங்கிவிடும். விளக்கைக் கொஞ்சம் எரியவிட்டு உடனே அணைத்துவிட வேண்டும்.

"நான் ஏதாவது பண்ணட்டுமா?" என்று கேட்டேன்.

"பண்ணு. அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து கையைக் கட்டிக்கோ."

வெள்ளிக்கிழமை காலை பெட்டிகளை என் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். விசேஷமான நாள் என்று என்னிடம் இருந்த ஒரே கறுப்பு பேன்ட்டைக் கத்திபோல் தேய்த்துப் போட்டிருந்தேன். வழியில் சங்கிலி கழன்றுவிட்டது. மாட்டிவிட்டு நடந்தோம்.

குழுவில் மூன்று பேர். அவர்களில் பேசியவர் ஒருவர்தான், ஓய்வுபெற்ற பொறியாளர், அடர்ந்த மீசை. தங்கை முதலில் விளக்கைப் பற்றித்தான் சொன்னாள். "என் பொறுப்புல இருந்தப்போ இதோட அசல் பூச்சு போயிடுச்சு சார். தொடக் கூடாதுன்னு சொல்லி வைக்காதது என் தப்பு."

"நான்தான் சார் துடைச்சேன்" என்று பின்னாலிருந்து கையைத் தூக்கினேன். "சலவைக் கடை" என்று காரணமும் சொன்னேன்.

மீசைக்காரர் பிலிம் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, நீங்க சொல்றதை நான் நம்ப மாட்டேன்னு சொல்லலை. ஆனா இந்தத் துண்டுல சாதா வெளிச்சம் கொஞ்சம் கசிஞ்சாலும் கருவி படம் காட்டிடும். இது நிஜமாவே தெரியாத வெளிச்சத்துலதான் பார்க்குதுன்னு நான் எப்படி முடிவு பண்றது?"

நியாயமான கேள்விதான். "முதல்ல பாருங்க சார்" என்று மட்டும் சொன்னாள் தங்கை. பிறகு என்னிடம், "அண்ணா, போய் அந்த மூலையில நில்லு. எதையும் தொடாதே" என்றாள்.

திரைகளை இழுத்துவிட்டார்கள். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. விசைச் சத்தம் கேட்டது, கொசு ரீங்கரித்தது. என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவர்களுக்கு நான் தெரிகிறேனா இல்லையா என்று தெரியாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மீசைக்காரர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"என்னய்யா, கறுப்பு பேன்ட்டுதானே போட்டுட்டு வந்தீங்க? இங்க வெள்ளையாத் தெரியுது!"

"கறுப்புதான் சார்" என்றேன் இருட்டைப் பார்த்து.

"அப்ப முழங்காலுக்கு மேல என்ன, அஞ்சு விரலும் பதிஞ்சு இருக்கு? கையைத் துடைச்சிருக்கீங்க போல."

விளக்கு அணைந்தது. திரையை விலக்கினார்கள். எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கறுப்பு பேன்ட், வேறொன்றும் இல்லை. மீசைக்காரர் அருகில் வந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து என் முழங்காலுக்கு மேல் அழுத்தி இழுத்தார். கைக்குட்டையில் சைக்கிள் சங்கிலி மசி கறுப்பாக அப்பியது. கறுப்புமேல் கறுப்பு யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துத் துடைத்திருக்கிறேன். அப்படித் துடைத்த ஞாபகம்கூட எனக்கு இல்லை.

தங்கை அந்தக் கைக்குட்டையைச் சுட்டிக்காட்டினாள். "துணிச் சாயம் நம்ம கண்ணுக்குத்தான் சார் கறுப்பு. அந்த வெளிச்சத்துக்குச் சாயம் இருக்குறதே தெரியாது, துணி வெள்ளையா இருக்கும். மசியில கரி இருக்கு, அது மட்டும் கறுப்பாவே நிக்கும். சாதா வெளிச்சம் கசிஞ்சிருந்தா இந்தக் கறை உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"இன்னொரு தடவை" என்றார் மீசைக்காரர். மற்ற இருவரும் வரிசையில் நின்றார்கள். கறை எடுப்பதில் பெயர் வாங்கியவன் இருட்டில் நின்றுகொண்டு, தன் கறையை ஒவ்வொருவருக்காகத் திரும்பித் திரும்பிக் காட்டினேன். பிலிம் பொசுங்கும் வாடை வந்த பிறகுதான் விட்டார்கள்.

அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நாங்கள் நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் பொறுப்பாளர் அம்மாள் வெளியே வந்தார். அறை அவளுக்குத்தான் என்றார். முதலில் ஒரு வருடத்துக்கு, பிறகு பார்க்கலாம். இரண்டு நிபந்தனைகள். ஒன்று, விளக்குக்குப் பக்கத்தில் வைக்கிற அட்டையில், அசல் பூச்சு சுத்தம் செய்யும்போது அழிந்தது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். தங்கை, "அது நானே கேட்கணும்னு இருந்தேன்" என்றாள். இரண்டாவது, எந்தப் பொருளும் இனிமேல் இந்தக் கட்டடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. இதைச் சொல்லும்போது அந்த அம்மாள் என்னைத்தான் பார்த்தார்.

வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினோம். பாதித் தூரம் போனதும் அவள் தனக்குள்ளேயே சிரிக்க ஆரம்பித்து, நடக்க முடியாமல் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நான் கௌரவமாக முன்னால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாளைக்கு என் சாமானெல்லாம் அங்க மாத்தணும். தூக்க வருவியா?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நான் உள்ளே வரலாமா?"

"வரலாம். கையையும் கொண்டு வா. புட்டியெல்லாம் கடையிலேயே இருக்கட்டும்."